மோரிஸ் மைனர்: எந்த டார்ஷன் பார் எந்தப் பக்கம்?

1959 மோரிஸ் மைனர் 1000 கார், 948 சிசி. வீட்டிலேயே புதுப்பிக்கிறேன். போன வருஷம் பிரித்தபோது எல்லாவற்றுக்கும் சீட்டுக் கட்டி, போட்டோவும் எடுத்தேன். நட்டு போல்ட்டெல்லாம் சரியாக இருக்கிறது. முன் சஸ்பென்ஷனின் இரண்டு டார்ஷன் பார்களில்தான் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும் எஃகுத் தண்டுகள்) சிக்கல்: கிரீஸ் ஊறிச் சீட்டில் எழுத்தே அழிந்துவிட்டது.

ஓடிய பார் ஒரே திசையில் முறுக்கிப் பழகியிருக்கும். பக்கம் மாற்றிப் போட்டால் உடையும் அபாயம் உண்டு, அதனால் குத்துமதிப்பாக மாட்ட மனசு வரவில்லை. நீளம், தடிமன் அளந்தேன், இரண்டும் ஒன்றுதான். கம்பி பிரஷ்ஷால் முனைகளைத் தேய்த்தேன். பல்வெட்டுக்குப் பக்கத்தில் துருக்குழிதான் இருக்கிறது, குறி எதுவும் இல்லை. போட்டோக்களில் முனைகள் மறைந்திருக்கின்றன. அப்புறம், புது ஜோடியும் தேடினேன், கிடைக்கவில்லை.

குறியே இல்லாத பழைய பார்களில் இடது, வலதை நிச்சயமாகக் கண்டுபிடிப்பது எப்படி?