உம்பளச்சேரி மாடு வளர்ப்பவர்கள், கன்றுப் பேரணிக்குக் கொண்டுபோனவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

தலைஞாயிறு பக்கம்:

எங்கள் வீட்டில் இப்போது மூன்று பசு, ஒரு கிடேரி. எல்லாம் உம்பளச்சேரி, நம் டெல்டாவின் நாட்டு மாட்டு இனம். அப்பா காலத்தில் இரண்டு ஏர் மாடும் சேர்த்துப் பத்துக்கு மேல் நின்றன. டிராக்டர் வந்தபின் காளைகளுக்கு வேலை இல்லாமல் போனது, ஒவ்வொன்றாகக் குறைந்தது.

இந்தக் கிடேரியைப் பக்கத்து ஊர் கால்நடை முகாமில் நடந்த கன்றுப் பேரணிக்கு ஓட்டிக்கொண்டு போனேன்; கன்றுகளை வரிசையாக நிறுத்திப் பார்த்து நல்லதுக்குப் பரிசு கொடுப்பார்கள். அப்போது அதற்கு நாலு மாதம். நல்ல செவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நாலு காலிலும் குளம்புக்கு மேலே வெள்ளை, வால் குஞ்சமும் வெள்ளை. இனத்துக்கு என்னென்ன அடையாளம் சொல்வார்களோ அத்தனையும் இருந்தது. முதல் நாளே குளிப்பாட்டி, கழுத்துக்குப் புதுக் கயிறும் மணியும் கட்டினேன்.

வரிசையில் மற்றதெல்லாம் ஜெர்சிக் கலப்புக் கன்றுகள். அவற்றுக்குப் பக்கத்தில் என் கன்று சின்னதாகத்தான் தெரிந்தது. பார்வையிட வந்தவர் முதுகைத் தடவிவிட்டு, "தீனி பத்தலை போல இருக்கே, பூச்சி மருந்து குடுங்க" என்றார். பரிசு உயரமான கன்றுக்குப் போனது. அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை.

கால் குட்டையாக இருப்பது இந்த மாட்டுக்குக் குறை இல்லை. எங்கள் மண் களிமண். சம்பாவுக்கு வயலில் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டும்போது முழங்கால் வரை உள்ளே இழுக்கும். உடம்பு தாழ்வாக, கட்டாக இருக்கிற மாடுதான் அந்தச் சேற்றில் காலை இழுத்து வைத்து நடக்கும். வெயிலுக்கும் அசராது. பால் இரண்டு லிட்டர் கிடைத்தால் அதிகம், அதிலும் கன்றுக்கு விட்டது போகத்தான் நமக்கு. பாலை மட்டும் கணக்குப் பார்க்கிறவர்கள் இதை வாங்க வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன்.

இன்னொரு விஷயம் புதிதாக வளர்ப்பவர்களுக்கு. பிறக்கும்போது செவலையாக இருக்கும் கன்று ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். எங்கள் கிடேரிக்குக் காதில் அடையாள எண் உள்ள தோடு போட்டபோது பதிவில் நிறம் 'சிவப்பு' என்று எழுதினார்கள். ஒரு வருஷம் கழித்துக் காப்பீட்டுக்குப் போனால், "இது வேற மாடு, ஏன் மாத்திக் கொண்டாந்தீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். தோட்டில் இருக்கிற பன்னிரண்டு இலக்க எண்ணைப் படித்துக் காட்டி, பழைய போட்டோவையும் காட்டி, அரை நாள் போராடினேன். நெற்றிச் சுட்டியும் கால் வெள்ளையும் மாறாது. பதிவு போடும்போது அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

வேதாரண்யம் பக்கம்:

அண்ணே, நீங்கள் சொன்ன தீனிப் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். எனக்கு அதைவிடப் பெரிய கவலை பசுவோடு சேர்க்கிற பொலிகாளைதான். 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் கொட்டகை அப்படியே சாய்ந்தது. பசு இரண்டும் பிழைத்தன, காளை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் இந்த இனத்தில் காளை கிடையாது. பசு சினைக்கு வரும் ஒவ்வொரு முறையும் உம்பளச்சேரி சினை ஊசி இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் மாட்டைக் கொண்டுபோகிறேன். கேட்காமல் விட்டால் கலப்பு ஊசி போட்டுவிடுவார்கள்.

கொருக்கை அரசுப் பண்ணையில் இந்த இனத்தை வைத்திருக்கிறார்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் போகிறவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நல்ல காளை எப்படி நிற்க வேண்டும் என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. திமில், முன்னங்கால், பின்தொடைப் பக்கம் கறுப்பு ஏறி, பார்க்கவே கம்பீரமாக இருக்கும்.

காளைக்கன்று பிறந்தால்தான் மனசு சங்கடப்படுகிறது. போன வருஷம் ஒன்றை விற்கப் போனேன். வியாபாரி சுழி பார்க்கவில்லை, பல் பார்க்கவில்லை. தொடையை அமுக்கிப் பார்த்துக் கறிக் கணக்கில் விலை சொன்னார். திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் திட்டுதான், ஆனால் கன்று இங்கேதான் நிற்கிறது.

தலைஞாயிறு பக்கம்:

தம்பி, அந்தக் கன்றுக்குக் கொம்பு தீய்த்தாச்சா? எங்கள் பக்கம் ஏர் மாட்டுக்குத்தான் தீய்ப்பார்கள், அதனால்தான் மொட்டை மாடு என்று பேர். பொலிகாளையாக விடுவதாக இருந்தால் கொம்பு இருக்கட்டும். அப்படியே தீய்ப்பதென்றாலும் டாக்டரை வைத்து மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யுங்கள். அந்தக் காலத்தில் இரும்பைக் காய்ச்சித் தீய்க்கும்போது கன்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

என் கிடேரியை இந்த வருஷம் மறுபடி பேரணிக்குக் கொண்டுபோனேன். இந்த முறை நாட்டு மாட்டுக்குத் தனி வரிசை வைத்திருந்தார்கள். இரண்டாம் பரிசு, ஒரு எவர்சில்வர் வாளி. முதல் பரிசு வாங்கிய பசு உண்மையிலேயே என்னுடையதைவிட நல்ல பசு, சுட்டி அவ்வளவு திருத்தம்.

உங்கள் காளைக்கன்றுக்கு எத்தனை மாதம் ஆகிறது, நெற்றியும் காலும் எப்படி என்று போட்டோ போடுங்கள். தை அறுவடை முடிந்து ஆள் ஓய்ந்ததும் நான் நேரில் வந்து பார்க்கிறேன். எங்கள் ஊரிலும் காளை இல்லை.