‘லூர்’ என்பதற்குப் பொய்யிரை: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கடற்கரையில் நின்று தூண்டில் எறிவோருக்காக எழுதிவரும் கையேட்டில், உண்மையான இரைக்குப் பதிலாகத் தூண்டிலில் கட்டி மீனை ஏமாற்றும் ‘லூர்’ (lure) என்ற பொருளை என்ன சொல்லால் குறிக்கலாம் என்று கேட்டிருந்தேன். செயற்கை இரை, போலி இரை, மருட்டி, கவரி, பார்வை என ஐந்து சொற்கள் குழுவிலிருந்து வந்தன. ஐந்தையும் கையேட்டின் வாக்கியங்களில் இட்டுப் படித்துப் பார்த்த பிறகு, ‘பொய்யிரை’ என்பதே பொருந்தும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

‘செயற்கை இரை’யில் உள்ள இடர் நடைமுறை சார்ந்தது. மாவும் மணப்பொருளும் கலந்து பொட்டலமாக விற்கும் இரையும் செயற்கையானதுதான், ஆனால் அதை மீன் தின்ன முடியும். நாம் பேசும் பொருளோ மரம், நெகிழி, உலோகம் ஆகியவற்றால் ஆனது. அதில் தின்பதற்கு ஒன்றுமே இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், கையேட்டைப் படிக்கும் புதியவர் கடையில் தவறான பொருளை வாங்கிவிடுவார்.

‘போலி இரை’ அழகான சொல்தான். இலக்கணத்தில் போலி என்பது ஒன்றின் இடத்தில் ஒன்று வந்து நிற்பது. அந்த அளவில் இங்கும் அது பொருந்தும். ஆனால் சந்தையில் ‘போலி’ என்றால் கள்ளச் சரக்கு என்றே பொருள். பெயர்பெற்ற நிறுவனங்களின் லூர்களைப் போலவே செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றைப் பற்றி எச்சரிக்கும் பத்தியில் ‘போலியான போலி இரை’ என்று எழுத நேர்ந்தபோதுதான் இச்சொல்லைக் கைவிட்டேன்.

‘மருட்டி’யை ‘அவன் மீனை மருட்டி எடுத்தான்’ என்பதுபோன்ற வாக்கியத்தில் வாசகர் வினையெச்சமாகவே படிப்பார். ‘கவரி’ என்றதும் கவரிமானும் சாமரமும் நினைவுக்கு வருகின்றன.

‘பார்வை’யை முன்மொழிந்தவருக்கு என் தனி நன்றி. வேட்டுவர் பிற மான்களை அழைக்கக் கட்டிவைக்கும் பழக்கிய மானுக்குப் பெரும்பாணாற்றுப்படையில் வரும் சொல் இது. இதைவிடப் பழைய சான்று நமக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆயினும் மானைக் காட்டி மானை அழைப்பது வேறு, தின்னத்தக்க சிறுமீன் ஒன்றைக் காட்டிப் பெருமீனை வரவழைப்பது வேறு. முன்னது இனத்தின் ஈர்ப்பு, பின்னது பசியின் ஈர்ப்பு. ஏரியில் வாத்துப் பொம்மையை மிதக்கவிட்டு வாத்துகளை இறக்கும் முறைக்குப் ‘பார்வை’யை ஒதுக்கிவைக்கலாம் என்பது என் கருத்து.

இனிப் ‘பொய்யிரை’. தூண்டில் முள்ளில் கோக்கும் இறாலும் மடவைத் துண்டும் தமிழில் இரைதான். பாரை துரத்தித் தின்னும் சாளையும் இரைதான். ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் (bait, prey) உண்டு. தமிழில் ஒரே சொல் இருப்பதைக் குறை என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அது இந்த இடத்தில் பெரும் வசதியாகவே படுகிறது. லூர் நடிப்பது கோத்துவைத்த துண்டாக அன்று, ஓடிக்கொண்டிருக்கும் உயிராக. பின்லாந்தின் லாவுரி ராப்பலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த ஈயத்தாளைப் போர்த்தித் தம் முதல் லூரைச் செய்தபோது, அடிபட்ட சிறுமீன் தள்ளாடி நீந்துவதையும் பெருமீன் அதையே தேர்ந்து தாக்குவதையும் பார்த்துவிட்டுத்தான் செய்தார். அந்தத் தள்ளாட்டம்தான் பொய். அது எந்த இரையைப் பற்றிய பொய் என்பதையும் நம் சொல்லே சொல்லிவிடுகிறது. ‘பொய்’ என்பது ஒழுக்கக்கேட்டைக் குறிக்கிறதே என்று தயங்க வேண்டாம். பொய்க்கால் குதிரை ஆடுபவரை யாரும் பொய்யர் என்பதில்லை.

பொதுச்சொல் குறுகியதாக இருந்தால்தான் அதன்கீழ் வகைப்பெயர்கள் அமையும். கரையிலிருந்து எறிபவர் நிறத்தைப் பார்த்து வாங்கத் தொடங்குகிறார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். உண்மையில் அவர் முதலில் கேட்க வேண்டியவை, இது எவ்வளவு தூரம் போகும், நீரின் எந்த மட்டத்தில் ஓடும், அங்கே என்ன செய்யும் என்பவை. படகில் செல்பவர் மீனிருக்கும் இடத்துக்கே போய்விடலாம். கரையில் நிற்பவருக்கோ எறியும் தூரமே எல்லை. ஆகையால் நீரில் அது செய்யும் வேலையை வைத்தே பெயரிட விரும்புகிறேன்.

மேற்பரப்பில் மிதந்து, இழுக்கும்போது குழிந்த முகத்தால் நீரை வாரியடிக்கும் ‘பாப்பர்’ வகைக்குத் ‘தெறிப்பான்’ என்று சொல்லலாம். விடியலில் பாறை ஓரத்துப் பாரைக்கு இது ஏற்றது. சும்மா விட்டால் மிதந்து, இழுத்தால் வாயடியில் உள்ள தகட்டினால் கீழே பாயும் வகைக்கு ‘முக்குளிப்பான்’. அது ஒரு நீர்ப்பறவையின் பெயர் என்பதை அறிவேன்; வேலை ஒன்றாக இருப்பதால் குழப்பம் நேராது. தகடு நீண்டு முன்னோக்கிக் கிடந்தால் ஆழமாகப் போகும், குறுகிச் செங்குத்தாக இருந்தால் மேல்மட்டத்திலேயே ஓடும் என்பதைப் படத்துடன் விளக்கியிருக்கிறேன். குமரி மாவட்டத்து முட்டம் போன்ற பாறைக் கரையில் ஆழ முக்குளிப்பானை எறிந்தால் மீனுக்கு முன்பே பாறை அதைப் பற்றிக்கொள்ளும். மென்மையான வகைகளுக்குப் புதுச்சொல் தேவையில்லை; ‘ரப்பர் மீன்’, ‘ரப்பர் புழு’ என்றால் எவருக்கும் விளங்கும்.

நான் அதிகம் யோசித்தது உலோக வகையைப் பற்றி. சென்னைக் கரையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று முகத்தில் அடிக்கும்போது, இலேசான முக்குளிப்பான் காற்றில் புரண்டு அருகிலேயே விழுந்துவிடும். அதே இடத்தில் 40 கிராம் உலோகத் துண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு அலை உடையும் கோட்டுக்கு அப்பால் போய் விழும். வேகமாகச் சுற்றியிழுத்தால் வஞ்சிரமும் துரத்தும். (இங்கே ‘சீலா’ என்று எழுதியிருந்ததை நீக்கினேன். சென்னையில் அது வேறொரு மீன், தூத்துக்குடியில் வஞ்சிரத்துக்கே அதுதான் பெயர். மீன்பெயர்களுக்குத் தனி மடல் தேவை.) இந்த உலோக வகையை, ‘ஸ்பூன்’ என்ற ஆங்கிலப் பெயரையொட்டிக் ‘கரண்டி’ என்று மொழிபெயர்ப்பது வளைந்த ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும், நீண்டு தடித்த வகைக்குப் பொருந்தாது.

என் முன்மொழிவு ‘தூண்டிற்பொன்’. சூது அதிகாரத்தின் முதற்குறளில் ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று’ என்று வருகிறது. பொன் என்பதற்கு அங்கே இரும்பு என்று பொருள். இரையால் மறைந்த தூண்டில் இரும்பு என்றே பரிமேலழகரும் விளக்குகிறார். வள்ளுவர் சொன்ன தூண்டிலில் இரை பொன்னை மறைத்தது. நாம் எறியும் துண்டில் மறைக்க ஏதுமில்லை, மின்னும் பொன்னே இரையாகத் தோன்றுகிறது. பொருள் இந்த அளவுக்கு நகர்வதால் இது தவறான ஆட்சி என்று புலவர்கள் கருதினால் எழுதுங்கள். சொல்லின் அழகில் மயங்கித் தவறிழைக்க நான் விரும்பவில்லை.

இன்னொரு வேண்டுகோள். கன்னியாகுமரி, இராமநாதபுரம், மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் உறவினர் உள்ளவர்கள், இறகோ பளபளக்கும் தாளோ கட்டி இரையில்லாமல் மீன்பிடித்த முதியவர்களிடம் அதை அவர்கள் என்ன பெயரால் அழைத்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். அப்படியொரு சொல் கிடைத்தால், பொய்யிரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அதையே கையேட்டில் இடுவேன்.

அன்புடன்.