பேக்கப்பில் எம்டைம் ஒப்பீடு: எல்லா கோப்பு முறைமைக்கும் 2 வினாடி போதுமா?

தறி
கோப்புகளை நகலெடுத்து ஒத்திசைக்க ஒரு லைப்ரரி எழுதுகிறேன். கோப்பு மாறிவிட்டதா என்று அறிய அதன் எம்டைமை, அதாவது கடைசியாக மாற்றிய நேரத்தை, அது ஒப்பிடும். மூல வட்டின் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் அமைப்பு) ஈஎக்ஸ்டி4. போய்ச் சேரும் இடம் என்டிஎஃப்எஸ், ஃபேட்32, எக்ஸ்ஃபேட் எதுவாகவும் இருக்கலாம். ஈஎக்ஸ்டி4 நானோ வினாடி வரை நேரம் குறிக்கிறது, என்டிஎஃப்எஸ் 100 நானோ வினாடி, எக்ஸ்ஃபேட் 10 மில்லி வினாடி, ஃபேட்32 வெறும் 2 வினாடி. அதனால் ஒப்பிடும் முன் எல்லா எம்டைமையும் 2 வினாடியின் மடங்குக்குக் கீழ்நோக்கி வெட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். எங்கே ஓடினாலும் ஒரே மாதிரி நடக்கும். யாருக்காவது மறுப்பு இருக்கிறதா?

ஆழிவாணன்
இருக்கிறது. 10:15:07.4க்குச் சேமித்த ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் அதை ஃபேட்32 பென்டிரைவில் எழுதினால் 10:15:06 என்று கீழே வெட்டும். அதையே விண்டோஸ் என்டிஎஃப்எஸ்ஸிலிருந்து ஃபேட்டுக்கு நகலெடுத்தால் மேலே தூக்கி 10:15:08 ஆக்கும். இப்போது உங்கள் விதிப்படி மூலம் 06, ஒரு நகல் 06, இன்னொன்று 08. கோப்பில் ஒரு பைட் கூட மாறவில்லை, ஆனால் லைப்ரரி மாறிவிட்டது என்கிறது.

வெட்டுவது வேறு, இடைவெளி பார்ப்பது வேறு. இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் 2 வினாடிக்குள் இருந்தால் சமம் என்று வையுங்கள். ஆர்சிங்க் என்ற ஒத்திசைவு நிரலில் மாடிஃபை-விண்டோ என்ற விருப்பம் இதற்குத்தான் இருக்கிறது. அதிலும் எழுதும் வட்டு ஃபேட்டாக இருந்தால் மட்டுமே இந்தத் தளர்வு. ஈஎக்ஸ்டி4இலிருந்து ஈஎக்ஸ்டி4க்குப் போகும்போது 2 வினாடியைக் கண்டுகொள்ளாமல் விட்டால், இருக்கிற நல்ல தகவலை நாமே தூக்கிப் போடுகிறோம்.

முகில்_நிரல்
இருவருமே எம்டைமை அதிகம் நம்புகிறீர்கள். பழைய கோப்பை டார் தொகுப்பிலிருந்து பிரித்தால் எம்டைம் பின்னோக்கிப் போகும். யார் வேண்டுமானாலும் டச் கட்டளையால் மாற்றலாம். ஃபேட் உள்ளூர் நேரத்தில் குறிக்கிறது, எந்த நேர மண்டலம் என்ற குறிப்பே அதில் கிடையாது. கணினியின் நேர மண்டலத்தை மாற்றிவிட்டு அதே பென்டிரைவைச் செருகினால் எல்லாக் கோப்பும் மணிக்கணக்கில் தள்ளிக் காட்டும். உங்கள் 2 வினாடி இடைவெளி அங்கே என்ன செய்யும்? உள்ளடக்கத்தின் ஹேஷை (அதிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை) எடுத்து ஒப்பிடுங்கள், கதை முடிந்தது.

ஆழிவாணன்
முடியாது, நண்பரே. 2 டிபி தரவு, வினாடிக்கு 150 எம்பி படிக்கும் வன்வட்டு. ஹேஷ் எடுக்க ஒரு முறை முழுக்கப் படித்தாலே மூன்றரை மணி நேரத்துக்கு மேல். ராத்திரி பேக்கப்பில் மாறியது பத்துக் கோப்பு என்றாலும் அதே நேரம்தான். எம்டைமும் அளவும் பார்த்தால் நிமிடங்களில் முடிகிற வேலை.

நேரம் பின்னோக்கிப் போவது உண்மை. அதற்காகத்தான் "இது புதியதா" என்று கேட்காமல் "போன முறை பார்த்ததும் இதுவும் ஒன்றா" என்று கேட்க வேண்டும். நேர மண்டலச் சிக்கலுக்கு, லினக்ஸில் ஃபேட்டை மவுண்ட் செய்யும்போதே (வட்டை இணைக்கும்போதே) அதன் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று சொல்ல வழி இருக்கிறது. எக்ஸ்ஃபேட் யுடிசியிலிருந்து உள்ள வித்தியாசத்தைத் தானே சேமித்துக்கொள்கிறது.

தறி
அப்படியென்றால் நகலெடுத்து நேரத்தையும் அமைத்தபின், வட்டிலிருந்து திரும்பப் படித்து வரும் மதிப்பைக் குறித்து வைத்துக்கொண்டால்? அடுத்த முறை அதனுடன் ஒப்பிட்டால் கீழே வெட்டுகிறதா மேலே தூக்குகிறதா என்பதே பிரச்சினை இல்லை.

கருவேலன்
நல்ல யோசனை, ஆனால் உடனே படிக்காதீர்கள். பழைய லினக்ஸ் கர்னல்களில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஃபேட் கோப்பின் நேரம் நினைவகத்தில் வெட்டப்படாமலே நிற்கும். உடனே கேட்டால் 07.4 என்றுதான் பதில் வரும். கழற்றி மறுபடி செருகினால்தான் 06 தெரியும். குறித்து வைத்ததும் வட்டில் இருப்பதும் ஒத்துப்போகாது. எனவே ஆழிவாணன் சொன்ன இடைவெளியை விட்டுவிட முடியாது.

இன்னொன்று: நேரம் அமைப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். உள்ளே ஒரு கோப்பை உருவாக்கியதுமே கோப்புறையின் எம்டைம் மாறிவிடும். ஆகவே கோப்புகளை முடித்துவிட்டு, ஆழத்தில் இருக்கும் கோப்புறையிலிருந்து மேலே வரவேண்டும்.

முகில்_நிரல்
சரி, வேகம் புரிகிறது. ஆனால் தவறவிடும் மாற்றத்துக்கு என்ன பதில்? லினக்ஸ் கர்னல் வெகுகாலம் கோப்பு நேரத்தை டைமர் துடிப்பிலிருந்துதான் எடுத்தது. பல அமைப்புகளில் அது 4 மில்லி வினாடிக்கு ஒருமுறை. நானோ வினாடி இடம் இருந்தும் ஒரே துடிப்பில் நடக்கும் இரண்டு மாற்றத்துக்கும் ஒரே எம்டைம். அளவும் மாறாவிட்டால் இரண்டாவது மாற்றம் பேக்கப்புக்குப் போகவே போகாது. பேக்கப் என்று பெயர் வைத்துவிட்டு இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

கருவேலன்
இதற்குப் பதில் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளிலேயே இருக்கிறது. இண்டெக்ஸ் (கோப்புகளின் நிலையைக் குறித்து வைக்கும் பட்டியல்) எழுதிய நேரத்துக்குச் சமமாகவோ பிந்தியோ ஒரு கோப்பின் எம்டைம் இருந்தால் கிட் அதை நம்பாது, உள்ளடக்கத்தைப் படித்துப் பார்க்கும். நீங்களும் அப்படியே செய்யலாம்: ஸ்கேன் தொடங்கிய கணத்தை ஒட்டி மாறிய கோப்புகள் மட்டும் சந்தேகப் பட்டியலில். அந்த "ஒட்டி" எவ்வளவு என்பதை வட்டு தீர்மானிக்கட்டும். ஃபேட்டுக்கு 2 வினாடி, ஈஎக்ஸ்டி4க்குச் சில மில்லி வினாடி. ஹேஷ் அந்தச் சிலவற்றுக்கு மட்டும். 6.13 கர்னலிலிருந்து, ஒரு கோப்பின் நேரத்தை யாராவது கேட்டுவிட்டால் அடுத்த மாற்றத்துக்கு நுண்ணிய கடிகாரம் பயன்படுகிறது, ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மூன்றிலும். எல்லாப் பயனரும் அந்தக் கர்னலில் இருப்பார்கள் என்று நம்பி எழுத முடியாது.

தறி
ஏடைம், அதாவது கடைசியாகப் படித்த நேரம்?

ஆழிவாணன்
தொடவே தொடாதீர்கள். லினக்ஸில் இயல்பே ரிலேடைம்தான், படிக்கும்போதெல்லாம் புதுப்பிக்காது. ஃபேட்டில் ஏடைமுக்குத் தேதி மட்டும்தான், மணி கிடையாது.

முகில்_நிரல்
சந்தேகப் பட்டியல் வந்தால் தினசரி ஓட்டத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முழு ஹேஷ் சோதனை ஒரு விருப்பமாகவாவது இருக்கட்டும். மாறிய கோப்பில் எம்டைமைப் பழைய மதிப்புக்கே திருப்பி வைக்கும் நிரல்கள் உண்டு. அளவும் அப்படியே இருந்தால் அவற்றை உங்கள் இடைவெளி பிடிக்காது.

தறி
சேர்க்கிறேன். ஒவ்வொரு நேரத்துடனும் வட்டின் துல்லியத்தையும் ஒரு புலமாக வைக்கப்போகிறேன், ஒப்பீடு இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ளும். 2 வினாடி வெட்டு நீக்கப்பட்டது.