புதுச் சிமெண்ட் தொட்டிக்கு வாழைத்தண்டு போதுமா?

கொத்தனார் மகன்:
"வாழைத்தண்டை வெட்டிப் போட்டு 3 நாள் ஊறவிட்டால் போதும், சிமெண்ட் குளத்தில் மீன் விடலாம்" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. புதுப் பூச்சிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீரின் காரத்தைக் காட்டும் பிஎச் அளவு, நடுநிலையான 7-ஐத் தாண்டி 11, 12 வரை ஏறும். எந்த மீன் பிழைக்கும்?

ஈரமண்:
அந்த ஒருவர் நான்தான். என்னிடமே கேட்டிருக்கலாம். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் தண்டுதான். ஒரு மீன் செத்ததில்லை.

கொத்தனார் மகன்:
தண்ணீரை எத்தனை முறை மாற்றினீர்கள்? மூன்று வாரம் நிரப்பி, கொட்டி, தேய்த்துக் கழுவியிருந்தால் சுண்ணாம்பை எடுத்தது தண்ணீர். தண்டு இல்லை.

ஈரமண்:
தண்டு புளிக்கும். புளிப்பு சுண்ணாம்பை அடக்கும். ஊரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார்.

கொத்தனார் மகன்:
தண்டு அழுகினால் ஆக்சிஜன் குறையும், அம்மோனியா வரும். பிஎச் ஏறிய தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் இன்னும் கூடும். இதையும் பாட்டியிடம் கேளுங்கள்.

அல்லிக்குளம்:
சிமெண்ட்டே எதற்கு? பள்ளம் தோண்டி, அடியில் மணல் பரப்பி, 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) தடிமனில் எச்டிபிஇ பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். என் அல்லியும் மீனும் அதில்தான்.

கொத்தனார் மகன்:
இங்கே பேச்சு தண்டைப் பற்றி.

அல்லிக்குளம்:
போன வருடம் என் விரிப்பைக் "கூடாரத் துணி" என்றவர்தானே நீங்கள்? நான் மறக்கவில்லை. உங்கள் குளத்தில் சலவைக்கல் ஜல்லி கிடக்கிறதே, அது சுண்ணாம்பு இல்லையா?

கொத்தனார் மகன்:
அது மெல்லத்தான் கரையும். பிஎச் 8 பக்கம் நின்றுவிடும். அதைப் புதுச் சிமெண்ட்டோடு சேர்த்துப் பேசாதீர்கள்.

ஈரமண்:
உங்கள் வீட்டுச் சுண்ணாம்பு என்றால் நல்ல சுண்ணாம்பு. சரி.

புதுத்தோட்டம்:
அண்ணா, நீரூற்றுக்குச் செம்புக் குழாய் போடலாமா?

கொத்தனார் மகன்:
வேண்டாம் தம்பி. செம்பு மீனுக்கும் நத்தைக்கும் விஷம். துத்தநாகம் பூசிய இரும்பும் வேண்டாம். பிவிசி போடுங்கள்.
ஈரமண், புதுத் தொட்டியில் தண்டு போட்டு மூன்றாம் நாள் பிஎச் தாளை நனைத்துப் படம் போடுங்கள்.

ஈரமண்:
எனக்குத் தாள் எதற்கு? தொட்டி நிறைய மீன் இருக்கிறது, வந்து பாருங்கள்.

கொத்தனார் மகன்:
தண்ணீரை எத்தனை முறை மாற்றினீர்கள் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.