சொராரிட்டியில் 'மல்ட்டிகல்ச்சுரல்' என்றால் யாருடைய கல்ச்சர்? புதிதாக அமெரிக்கா வந்தவர்களுக்கு

கேள்வி:
மகள் முதலாண்டு, எஃப்-1 (மாணவர்) விசா. கல்லூரி திறந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. கிரேக்க எழுத்து போட்ட சட்டையோடு சில பெண்கள் மேசை போட்டு உட்கார்ந்து, "நாங்க மல்ட்டிகல்ச்சுரல் சொராரிட்டி, வந்து பாருங்க" என்று கூப்பிடுகிறார்களாம். இது விடுதியா, சங்கமா, பார்ட்டிக் கூட்டமா? அந்த 'மல்ட்டிகல்ச்சுரல்' என்ற சொல்லை நம்பலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நியூஜெர்சி அக்கா:
சொராரிட்டி என்பது கிரேக்க எழுத்தில் பெயர் வைத்த மாணவிகள் சங்கம். சிலவற்றுக்குத் தங்க வீடும் உண்டு. 'மல்ட்டிகல்ச்சுரல்' என்ற சொல்லை முதலில் ஒரு முகவரியாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொராரிட்டி எந்தக் கவுன்சிலின் (பல சங்கங்களுக்கான கூட்டமைப்பு) கீழ் வருகிறது என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

பெரிய வீடு, வரிசையாக நின்று பாட்டுப் பாடி வரவேற்கிற பெண்கள் என்று நாம் வீடியோக்களில் பார்ப்பது நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் வகை. 1902இல் தொடங்கிய அதில் 26 சொராரிட்டிகள் உண்டு. பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்களுக்காக வளர்ந்தவை. இன்று யாரும் சேரலாம், ஆனால் பழக்கம் சட்டத்தைவிட மெதுவாகத்தான் மாறும். அலபாமா பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்களைச் சேர்க்கவிடாமல் முன்னாள் உறுப்பினர்கள் தடுத்ததை மாணவர் பத்திரிகை வெளியில் கொண்டுவந்தது 2013இல். அதன் பிறகுதான் அங்கே கதவு நன்றாகத் திறந்தது.

இரண்டாவது, நேஷனல் பான்-ஹெலனிக் கவுன்சில். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழம்பாதவர் இல்லை. இது கறுப்பின மாணவர்களின் அமைப்பு. 1930இல் வாஷிங்டனில் உள்ள ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் (ஹார்வர்ட் அல்ல) தொடங்கியது. ஒன்பது அமைப்புகளில் நான்கு பெண்களுக்கானவை. அவற்றில் மூத்தது 1908இல் பிறந்த ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் ஹாவர்டில் படிக்கும்போது சேர்ந்தது அதில்தான். இங்கே சேர விரும்புகிறவர்கள் அதைப் பொதுவில் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. இன்ஸ்டாகிராமில் "எனக்கு இதுதான் வேணும்" என்று போட்டால் அதுவே பாதகமாகிவிடும்.

மூன்றாவதுதான் உங்கள் மகளைக் கூப்பிட்ட மேசை. முதல் மல்ட்டிகல்ச்சுரல் சொராரிட்டி என்று அறியப்படுவது மியூ சிக்மா உப்சிலான், 1981இல் ரட்கர்ஸில் தொடங்கியது. தீட்டா நூ சை 1997இல் வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில். இவற்றின் கொள்கையே எந்த ஓர் இனமும் 'வீட்டுக்காரர்' ஆகக்கூடாது என்பது. தெற்காசிய சொராரிட்டிகள் வேறு. ஒரே 1998இன் கடைசியில் மூன்று முளைத்தன: ஆஸ்டினில் காப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க் செயின்ட் ஜான்ஸில் சிக்மா சிக்மா ரோ. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் வந்தவர்களின் பிள்ளைகள் கல்லூரி வயதில் இருந்த காலம் அது.

பல பேர் சறுக்குவது இங்கேதான். வளாகத்தில் 'மல்ட்டிகல்ச்சுரல் கிரீக் கவுன்சில்' என்ற ஒரே குடையின் கீழ் லத்தீன், ஆசிய, தெற்காசிய, மல்ட்டிகல்ச்சுரல் எல்லாவற்றையும் நிர்வாகம் சேர்த்து வைத்திருக்கும். அதனால் ஒரு தெற்காசிய சொராரிட்டியும் "நாங்க மல்ட்டிகல்ச்சுரல்" என்று சொல்லும். அது பொய்யில்லை, கவுன்சிலின் பெயர் அது. சொராரிட்டியின் தேசிய இணையதளத்தில் தொடக்க வரலாற்றைப் படித்தால்தான் எது எது என்று தெரியும்.

டெக்சஸ் வாசகி:
அக்கா சொன்னதோடு சேர்த்து. தெற்காசிய சொராரிட்டி என்றதும் "அப்பாடா, நம்ம ஆளுங்க" என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே தமிழ்ப் பெண்ணுக்கு இதே கேள்வி இன்னொரு முறை வரும்.

'தேசி' (தெற்காசியர்) என்று அவர்கள் சொல்வது நடைமுறையில் பல இடங்களில் இந்திப் பாட்டு, கர்பா, ஹோலி, மெஹந்தி. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, உறுப்பினர்களில் குஜராத்தி, பஞ்சாபி வீட்டுப் பிள்ளைகள் அதிகம் இருக்கும் இடத்தில் அப்படி அமைந்துவிடுகிறது. பொங்கல் ஜனவரி நடுவில் வருவதால் வசந்தப் பருவம் தொடங்கும் அவசரத்தில் விழுங்கப்பட்டுவிடும். ஈழத்தமிழ்ப் பிள்ளைக்கோ மலேசியப் பிள்ளைக்கோ இன்னும் ஒரு படி தள்ளித்தான் இடம். 'தெற்காசியா' என்று பலகையில் இருக்கும், பேச்சில் 'இந்தியா' ஆகிவிடும். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் போன மாதம் விமானம் இறங்கிய பிள்ளைக்கும் இடையில் ஒரு கோடும் உண்டு. ஊர் உச்சரிப்பைக் கேலி செய்யும் பழக்கம் சில கூட்டங்களில் இன்னும் போகவில்லை.

இன்ஃபோ செஷன் என்று ஒரு அறிமுகக் கூட்டம் வைப்பார்கள். அதற்குப் போவதால் எந்தக் கட்டுப்பாடும் வராது. அங்கே "நீங்கள் எல்லாக் கலாச்சாரத்தையும் மதிப்பீர்களா" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பதில் மாற்ற முடியாத கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள்: போன வருடம் என்னென்ன நிகழ்ச்சி நடத்தினீர்கள்? இப்போது எத்தனை பேர், என்னென்ன மொழி பேசுகிற வீடுகளிலிருந்து? சைவம் மட்டும் சாப்பிடுகிறவளுக்குக் கூட்டு விருந்தில் என்ன கிடைக்கும்? வெளிநாட்டு மாணவி யாராவது பொறுப்பில் இருந்திருக்கிறாளா? சாப்டரின் (சொராரிட்டியின் அந்தக் கல்லூரிக் கிளை) இன்ஸ்டாகிராமில் ஒரு வருடத்துப் படங்களை மேலிருந்து கீழே பார்த்தால் பாதி பதில் கையிலேயே கிடைத்துவிடும்.

இன்னொன்று. பெயரை முதல் நாளே முழுசாகச் சொல்லிப் பழக்கிவிடட்டும். யாழினியை 'யாஸ்' ஆக்குவது ஒரு நிமிட வேலை, திரும்ப யாழினி ஆக்க நாலு வருடம் போதாது. சட்டையில் அச்சடிக்கிற பெயரும் அதுவே.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். இந்தச் சாப்டர்கள் சிறியவை, பல இடங்களில் பத்து இருபது பேர்தான். ஒரே ஒரு தமிழ்ப் பெண் பண்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டால் அடுத்த வருடம் பொங்கல் நிகழ்ச்சி நடக்கும். அலபாமா மாதிரி ஒரே சாப்டரில் நானூறு பேர் இருக்கிற இடத்தில் அது நடக்காது.

சேர்க்கை விவரம் தெரிந்தவர்:
சேரும் முறையும் வேறு வேறு. பான்ஹெலனிக் வகையில் 'ரஷ்' என்று சில நாள் சுற்று. எல்லா வீட்டுக்கும் (இங்கே வீடு என்றால் சொராரிட்டி) போய்வந்து, சுற்றுக்குச் சுற்று குறைத்து, கடைசி இரவில் விருப்பப் பட்டியல் போட்டுக் கையெழுத்து. அந்தக் கையெழுத்து விளையாட்டு இல்லை. பட்டியலில் எழுதிய வீட்டிலிருந்து அழைப்பு வந்து, வேண்டாம் என்று சொன்னால், அதே வளாகத்தில் அடுத்த முதன்மைச் சேர்க்கை வரை வேறு பான்ஹெலனிக் சொராரிட்டியில் சேர முடியாது. மனமில்லாத வீட்டின் பெயரை எழுதாமல் விடலாம். "சும்மா எழுதிவை" என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால் கேட்க வேண்டாம்.

தெற்காசிய, மல்ட்டிகல்ச்சுரல் வகையில் அறிமுகக் கூட்டம், சில நாள் பழகும் நிகழ்ச்சிகள், நேர்காணல், பிறகு அழைப்பு. ஒரே நேரத்தில் சேர்ந்தவர்கள் ஒரு 'லைன்'. சில வாரம் வரலாறு, கொள்கை எல்லாம் படித்து, முடிவில் எல்லோர் முன்னிலையிலும் அறிமுக நிகழ்ச்சி. ஏற்கெனவே உள்ளவளில் ஒருத்தி 'பிக்', புதியவள் 'லிட்டில்'. நம்ம அக்கா-தங்கச்சி மாதிரிதான் அது ஓடும். பெரும்பாலும் கல்லூரி ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) கேட்பார்கள். முதல் பருவத்தில் அது இன்னும் இருக்காது என்பதால் வசந்தப் பருவம் வரை காத்திருக்கச் சொல்வது சகஜம். அதைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணம்: பருவத்துக்கு ஒரு சந்தா, புதியவர் கட்டணம், தேசிய அமைப்புக்கான கட்டணம், காப்பீடு, சட்டை, பயணம், கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம். வீடு உள்ள இடத்தில் அங்கே குடியிருக்காதவளுக்கும் சாப்பாட்டுக் கட்டணம் வரலாம். மொத்தத்தையும் எழுத்தில், அழைப்பை ஏற்பதற்கு முன்பே கேளுங்கள். பாதியில் விலகினால் எது திரும்ப வரும் என்பதையும்.

எஃப்-1இல் இருப்பவளுக்கு மூன்று எச்சரிக்கை. இளங்கலையில் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் இருக்க வேண்டும். லைன் வேலை அதிகமாகி ஒரு பாடத்தை விட்டு, அனுமதியில்லாமல் அதற்குக் கீழே போனால் விசா நிலை போகும், சொராரிட்டி வந்து காப்பாற்றாது. வீட்டில் சமையலறை உதவி, வரவேற்பு என்று சம்பள வேலை கொடுத்தால், சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் ஏற்கக் கூடாது. அந்த வீடு பல்கலைக்கழகத்துச் சொத்தாக இல்லாமல் தனி நிறுவனத்துடையதாக இருந்தால் அது வளாக வேலையாகாமல் போகலாம். மூன்றாவது, 21 வயதுக்குக் கீழே மது. மற்றவருக்கு அபராதத்தோடு போகிற விஷயம் விசாக்காரருக்கு அங்கேயே நிற்காது. குடித்து வண்டி ஓட்டிக் கைதானால் விசாவையே ரத்து செய்ய முடியும்.

கேட்டவர்:
ராகிங்? அதுதான் வீட்டில் எல்லோருக்கும் பயம்.

நியூஜெர்சி அக்கா:
இங்கே அதற்குப் பெயர் ஹேசிங். பயப்படுவது சரிதான். பண்பாட்டு அமைப்பு என்பதால் இருக்காது என்று நினைக்க வேண்டாம். 2013இல் நியூயார்க் பரூக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவர் ஆசிய அமெரிக்க ஃப்ரட்டர்னிட்டி (ஆண்களுக்கான இதே வகைச் சங்கம்) ஒன்றின் சடங்கில் இறந்தார். கண்ணைக் கட்டி, முதுகில் கனம் ஏற்றி, இருட்டில் தள்ளிவிடும் சடங்கு. ஆசிய அமெரிக்கர்கள் பட்ட கஷ்டத்தை உணர்த்துவதற்காகவாம். அடையாளத்தின் பெயரால் உடம்பை வருத்தச் சொன்னால் அதுவே போதுமான அடையாளம், அங்கிருந்து நடையைக் கட்டலாம்.

பெண்கள் பக்கம் அடி உதை குறைவு, தூக்கம் கெடுப்பது அதிகம். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிடுவது, சில வாரம் வெளி ஆட்களோடு பேசக்கூடாது என்பது, ஒரே நிற உடை, ஃபோனை வாங்கி வைப்பது, "வீட்ல சொல்லாதே" என்பது. கடைசியாகச் சொன்னதுதான் பெரிய எச்சரிக்கை மணி.

2024 டிசம்பரில் வந்த ஸ்டாப் கேம்பஸ் ஹேசிங் சட்டப்படி, விதிமீறல் உறுதியான மாணவர் அமைப்புகளின் பட்டியலைக் கல்லூரி தன் இணையதளத்தில் போட வேண்டும். கல்லூரி பெயரோடு 'ஹேசிங் டிரான்ஸ்பரன்சி ரிப்போர்ட்' என்று தேடுங்கள். அந்தச் சாப்டர் அங்கீகாரத்தோடு இருக்கிறதா என்று கிரீக் லைஃப் அலுவலகத்துக்கு (இந்தச் சங்கங்களைக் கவனிக்கும் கல்லூரி அலுவலகம்) ஒரு மின்னஞ்சலும் போடுங்கள். தடை செய்யப்பட்ட சாப்டர் அதே எழுத்தைப் போட்டுக்கொண்டு வெளியில் தொடர்ந்து நடப்பதும் உண்டு.

டொரொன்டோவிலிருந்து:
கனடா வருகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டொரொன்டோ பல்கலைக்கழகம் சொராரிட்டிகளை அங்கீகரிப்பதே இல்லை. வளாகத்துக்கு வெளியே தனியாக நடக்கின்றன, சிக்கல் வந்தால் புகார் சொல்ல கிரீக் அலுவலகம் என்று ஒன்று இருக்காது. இங்கே தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ் மாணவர் சங்கங்கள் பக்கம்தான் போகிறார்கள்.

டெக்சஸ் வாசகி:
எம்.எஸ். படிக்க வந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மாணவிச் சாப்டர்கள் அநேகமாக இளங்கலைக்கு மட்டும்தான். கறுப்பின சொராரிட்டிகள் நான்குக்கும் பட்டதாரிச் சாப்டர்கள் தனியாக உண்டு.

கேட்டவர்:
தமிழ்ச் சங்கம் இருக்கும்போது இது எதற்கு என்று மகளோட அப்பா கேட்கிறார்.

நியூஜெர்சி அக்கா:
சங்கத்துக்குக் குடும்பமாகப் போகிறோம், அங்கே அவள் யாரோ ஒருத்தரின் மகள். சொராரிட்டியில் அவளே கணக்கு எழுதுவாள், அரங்கு பிடிப்பாள், சண்டை போட்டுச் சமாதானமும் ஆவாள். இரண்டுக்கும் போகலாம், ஒன்றை ஒன்று தடுக்காது. ஆனால் இரண்டு சொராரிட்டியில் ஒரே நேரத்தில் இருக்க விடமாட்டார்கள், உறுப்பினர் ஆனால் ஆயுளுக்கும் என்றுதான் கணக்கு. அதனால் இந்தப் பருவம் எல்லா அறிமுகக் கூட்டத்துக்கும் போய் டீ குடித்துவிட்டு வரட்டும். கையெழுத்து ஜனவரிக்குப் பிறகு.