ஆலை விக்கியில் தேடினால் பழைய பக்கம்தான் மேலே வருகிறது, என்ன செய்வது?

லேப் தம்பி, தெலுக் இந்தான்:

வணக்கம். செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் லேப் வேலை பார்க்கிறேன். கம்பெனியின் வேலைமுறைகள் எல்லாம் உள் விக்கியில் இருக்கின்றன. மீடியாவிக்கி மென்பொருள். ஆலை, பட்டறை, தோட்ட ஆபீஸ், பாதுகாப்புப் பிரிவு என்று ஆளாளுக்கு எழுதிச் சேர்த்ததில் பக்கங்கள் குவிந்து கிடக்கின்றன. பாதி ஆங்கிலம், பாதி மலாய்.

இரவு ஷிஃப்டில் கம்ப்யூட்டர் திறந்திருப்பது லேப்பில்தான். எது வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். போன வாரம், பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கிற ஸ்டெரிலைசர் கலனின் ஆப்பரேட்டர் வந்தார். கதவு கேஸ்கெட்டில் நீராவி கசிகிறது, திறப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும், அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடு என்றார். தேடினேன். முதலில் வந்தது பழைய கதவுக்கு எழுதிய பக்கம். அந்தப் பூட்டையே மாற்றிவிட்டார்கள், பக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. புதிய பக்கம் எங்கோ கீழே கிடந்தது. 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நீராவி நிற்கிற கலனுக்குப் பழைய முறையைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

இன்னொன்று. பாதுகாப்புப் பிரிவின் பக்கம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். லிங்க் வைத்திருந்தால் திறக்கிறது, தேடினால் மட்டும் வருவதே இல்லை. தேதி வைத்து வடிகட்டிப் புதியதை மட்டும் எடுக்க வழி உண்டா?

ஐடி வேலைக்காரன், கிள்ளான்:

தம்பி, வராத பக்கத்துக்குக் காரணம் பெயர்வெளியாக, அதாவது விக்கி தன் பக்கங்களைப் பிரித்து வைக்கும் தனிப் பகுதியாக, இருக்க வேண்டும். தலைப்பைப் பாருங்கள். பிரிவின் பெயர், முக்காற்புள்ளி, அப்புறம் பக்கத்தின் பெயர் என்று இருந்தால் அது தனிப் பெயர்வெளி. புதிதாக ஒன்றைத் திறந்துவிட்டு அமைப்பில் அதைத் தேடலோடு சேர்க்காமல் விட்டால், சாதாரணத் தேடல் அந்தப் பக்கமே போகாது. தேடல் முடிவுகளுக்கு மேலே 'மேம்பட்ட' என்று இருக்கும், அதில் வேண்டிய பெயர்வெளிகளுக்கு டிக் போடுங்கள். இனிமேல் இதையே நினைவில் வைத்துக்கொள் என்று ஒரு கட்டமும் அங்கே உண்டு, அதையும் டிக் செய்துவிடுங்கள். பதிவேற்றிய பிடிஎஃப் கோப்புகளும் தனிப் பெயர்வெளியில்தான் கிடக்கும்.

அடுத்து, சிறப்புப் பக்கங்களில் 'பதிப்பு' என்பதைத் திறந்து சிரஸ்சர்ச் நீட்சி, அதாவது தேடலுக்கான கூடுதல் மென்பொருள், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தேடல் பெட்டியில் 'இன்டைட்டில்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி போட்டு, சொல்லை ஒட்டி எழுதினால் தலைப்பில் மட்டும் தேடும். சேர்ந்தே வர வேண்டிய சொற்களுக்கு இரட்டை மேற்கோள்குறி. வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி. தமிழ் விக்கிப்பீடியாவும் இதே மென்பொருள்தான், அங்கே தேடிப் பழகிப் பார்க்கலாம். அட்வான்ஸ்டு சர்ச் நீட்சியும் இருந்தால், கடைசியாகத் திருத்திய தேதிப்படி முடிவுகளை அடுக்க முடியும்.

ஆபீஸ் கிராணி, சுங்கை சிப்புட்:

தம்பி, ஐடி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் தேதியை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் ஆலையில் விக்கியைப் பார்த்துக்கொள்வது நான்தான், அதனால் சொல்கிறேன். பழைய பக்கத்தில் யாராவது ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினால் போதும், நேற்று எழுதிய பக்கம் மாதிரி வரிசையில் முன்னால் வந்து நிற்கும். கழிவுநீர்க் குளத்துப் பக்கத்தை ஆண்டுக்கணக்கில் யாருமே தொட்டிருக்க மாட்டார்கள், அதில் உள்ள ஒவ்வொரு வரியும் இன்றைக்கும் சரியாக இருக்கும். கடைசியாக யார் கை பட்டது என்பதைத்தான் தேதி காட்டும். அந்த முறை இன்றைக்குச் செல்லுமா என்பதை வேலை தெரிந்த ஆள் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், சொன்னதைப் பக்கத்திலேயே பதிய வேண்டும்.

நாங்கள் இரண்டு வார்ப்புருக்கள், அதாவது எந்தப் பக்கத்திலும் பெயரைச் சொல்லி ஒட்டக்கூடிய ஆயத்தத் துண்டுகள், செய்து வைத்திருக்கிறோம். ஒன்று 'நடப்பு', இன்னொன்று 'காலாவதி'. நடப்பு வார்ப்புருவைப் போட்டால் பக்கத்தின் தலையில் பச்சைப் பட்டை வரும். எந்த இயந்திரம், சரிபார்த்த இன்ஜினியர் யார், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கும். காலாவதி என்றால் சிவப்புப் பட்டை, அதிலேயே புதிய பக்கத்தின் லிங்க். வார்ப்புரு தன்னாலே பக்கத்தை அதே பெயருள்ள பகுப்பில், அதாவது ஒரே வகைப் பக்கங்களின் பட்டியலில், சேர்த்துவிடும். அப்புறம் தேடும்போது சொல்லோடு 'இன்கேட்டகரி' என்று ஆங்கிலத்தில் போட்டு, முக்காற்புள்ளி வைத்து 'நடப்பு' என்று எழுதினால் செல்லுகிற பக்கங்கள் மட்டும் வரும். ஆனால் இந்தச் சொல் துணைப்பகுப்புகளுக்குள் இறங்காது. 'ஆலை'க்குள் 'பாய்லர்', அதற்குள் 'வால்வு' என்று அடுக்கி வைத்தீர்கள் என்றால் 'ஆலை' என்று தேடும்போது வால்வுப் பக்கம் வராது. பகுப்புகளைத் தட்டையாகவே வையுங்கள், ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று பகுப்பு இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு, கையில் எண்ணெய்க் கறையோடு வருகிற ஆள் இன்கேட்டகரி எல்லாம் அடித்துக்கொண்டிருக்க மாட்டார். அவர் அடிப்பது ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்குச் சரியான பக்கம் முதலில் வர வேண்டும். அதுதான் நம் பொறுப்பு. சிரஸ்சர்ச்சில் இதற்கு வழி இருக்கிறது. மீடியாவிக்கி பெயர்வெளியில் 'சிரஸ்சர்ச் பூஸ்ட் டெம்ப்ளேட்ஸ்' என்று ஒரு பக்கம் உண்டு, நிர்வாகி அதைத் திருத்தலாம். காலாவதி வார்ப்புருவின் பெயரை எழுதி, செங்குத்துக் கோடு போட்டு, 10% என்று வைத்தால் அந்தப் பக்கங்கள் எல்லாம் தேடலில் கீழே இறங்கிவிடும். நடப்புக்கு 200% என்று வைத்தால் மேலே ஏறும். உங்கள் ஸ்டெரிலைசர் பக்கத்துக்குத் தேவை இதுதான்.

பழையதை அழித்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். கூடாது. எம்எஸ்பிஓ என்கிற மலேசியச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழின் தணிக்கைக்கு வருகிறவர்கள் அன்றைக்கு எந்த முறைப்படி வேலை செய்தீர்கள் என்று கேட்டால் காட்ட வேண்டும். இருக்கட்டும், சிவப்புப் பட்டையோடு இருக்கட்டும். 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1-இல் நீக்கப்பட்டதே, அதை மேற்கோள் காட்டுகிற பக்கங்கள் உங்கள் விக்கியிலும் இருக்கும். சட்டத்தின் பெயரை மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடுங்கள், யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டிய பக்கங்களின் பட்டியலே கையில் வந்துவிடும்.

மலாய், ஆங்கிலம் கலந்து கிடப்பதற்கு வழிமாற்று போதும், அதாவது ஒரு பெயரைத் திறந்தால் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும் பக்கம். 'பாய்லர்' என்று பக்கம் இருந்தால் 'டண்டாங்' என்று ஒரு வழிமாற்று. ஆட்கள் வாயில் வருகிற பெயருக்கெல்லாம் ஒவ்வொன்று போடுங்கள். ஸ்கேன் செய்து போட்ட கடிதங்களுக்கு இது உதவாது. அவை வெறும் படம், உள்ளே இருக்கும் சொற்கள் தேடலுக்குத் தெரியாது. கோப்புப் பக்கத்திலேயே கடிதத்தின் சாரத்தை நாலு வரி தட்டச்சு செய்துவிடுங்கள்.

பட்டறை ஆள், கூலிம்:

அக்கா சொல்வது ஆபீசுக்குச் சரி. ஆனால் ஸ்டெரிலைசர் கதவு மாதிரி இடத்தில் ஆளைத் தேடவே விடக்கூடாது என்பது என் கருத்து. இயந்திரத்துக்குப் பக்கத்தில் கியூஆர் கோடு ஒட்டுங்கள். போனைக் காட்டினால் நேராக அந்தப் பக்கம் திறக்க வேண்டும். கசிவு நேரத்தில் லேப்புக்கு நடந்து வந்து கேட்பதே நேர விரயம்.

ஆபீஸ் கிராணி, சுங்கை சிப்புட்:

நல்ல யோசனை தம்பி, நாங்களும் ஒட்டியிருக்கிறோம். ஆனால் கோடு போய்ச் சேரும் பெயர் இயந்திர எண்ணாக இருக்கட்டும், அதை நடப்புப் பக்கத்துக்கு வழிமாற்றாக வையுங்கள். முறை மாறும்போது வழிமாற்றை மட்டும் திருப்பினால் போதும், ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டியதில்லை. பக்கத்தின் பெயரை மாற்றுகிறவர்கள் வழிமாற்று விடும் டிக்கை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேப் தம்பி, தெலுக் இந்தான்:

எல்லாருக்கும் நன்றி. பெயர்வெளிக்கு டிக் போட்டதும் பாதுகாப்புப் பிரிவின் பக்கம் வந்துவிட்டது. சிரஸ்சர்ச்சும் இருக்கிறது. ஆனால் அக்கா, நான் லேப் ஆள். ஸ்டெரிலைசர் பக்கத்தைக் காலாவதி என்று நான் எப்படிக் குறிப்பது? எனக்கு அந்த அதிகாரம் இல்லையே.

ஆபீஸ் கிராணி, சுங்கை சிப்புட்:

நீங்கள் குறிக்க வேண்டாம் தம்பி. பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால் எழுதியவர் பெயர் இருக்கும். உரையாடல் பக்கத்தில் அவரையும் ஆலை இன்ஜினியரையும் குறிப்பிட்டு, இந்தப் பூட்டு மாறிவிட்டது, பக்கம் செல்லுமா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும், அதை வைத்து நிர்வாகி பட்டை போடட்டும். கூடவே இரவில் ஆட்கள் உங்களிடம் கேட்கிற பக்கங்களை ஒரு தாளில் எழுதி வாருங்கள். அந்தப் பட்டியல் இன்ஜினியரிடமோ ஆபீசிலோ இருக்காது. ஸ்டெரிலைசர், பாய்லர் பக்கங்களை முதலில் கொடுங்கள். லேப் பக்கங்கள் அதற்கு அப்புறம்.