கலைச்சொல் விவாதம்: ‘மறுதுளிர்ப்பு’ வேண்டாம், ‘உள்துளிர்ப்பு’ இருக்கட்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

ஊசியிலை மரங்களைப் போன்சாயாக, அதாவது தொட்டியில் குள்ள மரமாக, வளர்ப்பதற்கான சொற்பட்டியலில் கவாத்து, நுனி கிள்ளுதல் போன்றவை சிக்கலின்றி முடிந்துவிட்டன. உழவர்களிடம் ஏற்கெனவே புழங்கும் சொற்கள் என்பதால் யாரும் மறுக்கவில்லை. கிளையின் நுனியில் அல்லாமல் உள்ளே, அடிமரத்தை நோக்கிய பகுதியில் புதுத் துளிர் தோன்றுவதற்கு என்ன பெயர் என்பதில்தான் நின்றுகொண்டிருக்கிறோம். குழுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘பின்மொட்டு’ சுருக்கமாக இருக்கிறது. ‘மறுதுளிர்ப்பு’ என்றாலும் எல்லோருக்கும் புரியும்.

இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. பாடநூல்களில் நுனி மொட்டு, கோண மொட்டு என்று எழுதுகிறார்கள், உண்மைதான். ஆனால் பாடநூலுக்கு வெளியே மொட்டு என்றதும் பூதான் நினைவுக்கு வரும். ‘பின்’ என்பது இடத்தைக் குறிக்கிறதா, காலத்தைக் குறிக்கிறதா என்பதும் தெளிவாக இல்லை.

‘மறுதுளிர்ப்பு’ கேட்க இனிமையான சொல். ஆனால் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தை வளர்க்கப் புதிதாக இறங்குகிறவர்களை அது தவறான வழியில் இழுத்துச் செல்லும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆலையும் அத்தியையும் வளர்த்துப் பழகியவர்களுக்கு அந்த எண்ணம் இயல்பானது. அந்த மரங்களை வெறுங்கட்டையாக வெட்டினாலும் சில வாரங்களில் பட்டையைக் கிழித்துக்கொண்டு துளிர் வரும். ஸ்புரூஸ் அப்படிப்பட்டதன்று. ஊசி ஒன்றும் இல்லாத பகுதிவரை ஒரு கிளையை வெட்டினால், பெரும்பாலும் அந்தக் கிளை அதோடு காய்ந்துவிடும். தொடக்கநிலையாளர்கள் இழக்கும் கிளைகளில் பல இப்படிப் போனவைதான்.

ஸ்புரூஸின் சுள்ளி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஊசியும் ஒரு சிறிய மரமுளையின்மேல் உட்கார்ந்திருக்கும். ஊசி உதிர்ந்த பிறகும் அந்த முளை நிற்பதால், பழைய சுள்ளியைத் தடவினால் அரம்போலச் சொரசொரக்கும். வளர்ச்சி முடியும் பருவத்தில் நுனியில் ஓர் அரும்பும், அதைச் சுற்றி இன்னும் சிலவும் பழுப்புச் செதில் மூடி நிற்கும். அதற்கும் உள்ளே, பச்சை ஊசிகளுக்கு இடையில், குண்டூசித் தலையைவிடச் சிறியதாக ஓரிரண்டு இருக்கலாம். நாம் பெயர் தேடுவது இவற்றிலிருந்து வரும் துளிருக்குத்தான். கத்தரிக்கோல் இவற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே வெளிச்சம் விழ வேண்டும், மரத்தில் வலு இருக்க வேண்டும், உயிருள்ள ஊசிகள் அந்த இடத்தில் மிஞ்சியிருக்க வேண்டும். வசந்தத்தில் நுனிக்கொழுந்து மென்மையாக இருக்கும்போதே அதில் ஒரு பகுதியைக் கிள்ளினால், வலுவான மரம் தன் வேகத்தை உள்ளே திருப்பும். நலிந்த மரத்தில் அதே வேலை மேலும் நலிவைத்தான் தரும்.

ஆகவே என் பரிந்துரை: உள்துளிர்ப்பு. வினையாக, உள்துளிர்த்தல். ‘மேல்கிளைகளைக் கலைத்து வெளிச்சம் விட்டதும் அடிக்கிளை உள்துளிர்த்தது’ என்று எழுதிப் பாருங்கள், தடங்கலின்றி ஓடுகிறது. புணர்ச்சி விதிப்படி ‘உட்டுளிர்ப்பு’ என்றுதான் வர வேண்டும் என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்வார்கள். ‘உள்துறை’யை நாம் ‘உட்டுறை’ என்று எழுதுவதில்லை. படிப்பவர் இரண்டு பகுதிகளையும் கண்ணால் பிரித்தறிய வேண்டும் என்பதால், இங்கேயும் பிரித்தே எழுதலாம்.

இந்தச் சொல் இடத்தைச் சொல்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ‘உள்’ என்று கேட்டதும் கற்பவர் கிளையின் உட்பகுதியைப் பார்ப்பார். பார்த்தால்தான் அங்கே பச்சை இருக்கிறதா என்பது தெரியும். குள்ள அல்பெர்ட்டா ஸ்புரூஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1904இல் கனடாவின் லூயிஸ் ஏரிப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட வகை இது, எளிதில் கிடைப்பதால் புதியவர்கள் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். வெளியே கூம்பாக, அடர்த்தியாக, பார்க்க அழகாக இருக்கும். கிளைகளை விலக்கினால் உள்ளே நிழல் மண்டி, ஊசியெல்லாம் உதிர்ந்து வெறுங்குச்சிகள் மட்டும் நிற்கும். அதைக் கவனிக்காமல் வடிவம் கொடுக்க ஆழமாக வெட்டிவிட்டால், எஞ்சுவது துளிர்க்க வழியற்ற கட்டை. கிளையை வளைக்கக் கம்பி கட்டும்போது அது சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று உட்புற ஊசிகளை உருவிவிடும் பழக்கமும் அதே இழப்பில்தான் கொண்டுபோய்விடும்.

இன்னொன்றையும் வரையறையோடு ஒரு குறிப்பாகச் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். தொட்டி மாற்றி வேரைக் குறைத்த ஆண்டிலேயே கடும் கவாத்தும் செய்துவிட்டு, ‘மரம் உள்துளிர்க்கவில்லை’ என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. ஸ்புரூஸின் வேர் செத்த பிறகும் ஊசிகள் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். வாடல் கண்ணில் படும்போது காரணம் பழையதாகிவிட்டிருக்கும். அதனால் கற்பவர் நேற்றுத் தண்ணீர் ஊற்றாததைக் குற்றம் சொல்வார், மாதங்களுக்கு முன் வேரை வெட்டியதை மறந்திருப்பார்.

முடிவில் வரையறை இப்படி அமையலாம்: ‘உள்துளிர்ப்பு: கிளை நுனிக்கு உட்புறமாக, அடிமரத்தை நோக்கிய பகுதியில் புதுத் துளிர் தோன்றுதல். ஸ்புரூஸில் இது உயிருள்ள ஊசிகள் உள்ள பகுதியிலேயே எதிர்பார்க்கத்தக்கது.’

‘மறுதுளிர்ப்பு’ வீணாகிவிடாது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மரம் மீண்டும் எழுவதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். கரும்பில் ‘மறுதாம்பு’ என்று சொல்வதோடும் அது பொருந்திப்போகும். ஊசிகளற்ற பகுதிக்கு நான் மேலே ‘கட்டை’ என்று எழுதியிருக்கிறேன். மெல்லிய சுள்ளிக்கு அது கனமான சொல்லாகத் தோன்றுகிறது. பொருத்தமான வேறு சொல் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.